சோனாடாங்காவுக்குப் போன விதைக் கோதுமை

சிப்பூர், ஹவுரா
12-10-1998

பார்த்தசாரதி சாருக்கு,

நான் கரிப்பூட்டை நோய் என்று எழுதிய கோதுமையை நீங்கள் மீன் சாக்கு என்று மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு, விதைக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டீர்கள். நடந்த தவறு இதுதான். மறுநாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னது வேறு விஷயம். ஓய்வு பெற்ற பிறகு தயவில் வைத்திருந்தவனை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதற்காக நான் எழுதவில்லை.

ஏழாம் தேதி காலை நம் கம்பெனியின் சாந்த்ராகாச்சி கிடங்குக்கு வடக்கிலிருந்து இரண்டாவது லாரி வந்தது. இருநூற்று இருபது மூட்டை. குத்தூசியை முதல் மூட்டையில் இறக்கி உருவியபோதே இந்த நோய்க்கே உரிய, அழுகிய மீன் போன்ற வாடை வந்துவிட்டது. தானியத்தை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தேன். கை கறுத்தது. கோதுமையின் நடுக்கோட்டை ஒட்டி உள்ளே கறுப்புப் பொடி. நாற்பது மூட்டையில் மாதிரி எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. மாதிரிப் பதிவேட்டில் எழுதினேன்: "கர்னால் பண்ட். கரிப்பூட்டை வகை. விதைக்கு ஆகாது."

எட்டாம் தேதி பார்த்தால் என் வரியின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் உங்கள் எழுத்து: "வாடை சாக்கினால் வந்தது. முன்பு கருவாடு ஏற்றிய சாக்கு. வேறு சாக்கில் கட்டி அனுப்பலாம்."

நீங்கள் விவசாயப் பட்டம் வாங்கியவர். நான் எட்டாம் வகுப்பு. கல்லூரித் தெருவில் பழைய புத்தகக்காரர்களிடம் வாங்கிய விவசாய இலாகா வெளியீடுகளை அகராதி வைத்துப் படித்தவன். ஆனாலும் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். இது மனிதனுக்கு விஷம் இல்லை. கொஞ்சம் கலந்தால் மாவு அரைத்துச் சாப்பிட்டுவிடலாம். விதையாகப் போனால்தான் ஆபத்து. அந்தக் கறுப்புப் பொடி மண்ணில் இறங்கினால் நாலைந்து வருஷம் சாகாது. பிறகு அந்த வயலில் கோதுமை பூக்கும் போதெல்லாம் எழுந்து வரும். இந்த விதை போகிற ஊர் நதியா ஜில்லாவில் சோனாடாங்கா. அங்கே இந்த நோய் இதுவரை இல்லை. நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் சத்தம் போட்டேன். "தயிர்சாதத்துக்கு மீன் வாடையில் எது என்ன என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். தயிர்சாதம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். கேள்வியை வாங்கவில்லை.

காளி பூஜை முடிந்தால் வயலை உழ ஆரம்பிப்பார்கள். நவம்பர் நடுவில் விதைப்பு. உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. மூட்டைகளை நிறுத்துங்கள்.

மாரியப்பன்

*

லேக் ரோடு, கல்கத்தா
17-10-1998

திரு. மாரியப்பன் அவர்களுக்கு,

உங்களை அண்ணாச்சி என்றே எழுதிப் பழகியவன். இந்தக் கடிதத்தில் கை வரவில்லை.

நீங்கள் எழுதியதில் பாதிதான் நடந்தது. மீதியை நான் சொல்கிறேன். சாக்குகள் முன்பு கருவாட்டுக்குப் பயன்பட்டவை என்று அனுப்பியவரே கடிதம் கொடுத்திருக்கிறார். மேனேஜர் அதை என்னிடம் காட்டினார். அந்த அடிப்படையில் எழுதினேன். புதுச் சாக்கில் மாற்றிக் கட்டியதும் வாடை குறைந்துவிட்டது என்று கிடங்கில் எல்லோரும் சொல்கிறார்கள். நோயாக இருந்தால் குறையுமா?

ஆய்வு அறையில் பிஸ்வாஸ் இருக்கிறார். மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிடாதவர். அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கிறதா?

1995-ஐ நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள். அப்போதும் இதே போல ஒரு லாரியைக் கரிப்பூட்டை என்று சொல்லி, வாசலில் படுக்காத குறையாக மறித்தீர்கள். பதினெட்டு நாள் நின்றது. கடைசியில் அது வெறும் கரும்புள்ளி. நுனி கறுத்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மேலிடத்தில் திட்டு வாங்கியது யார்? உங்களுக்காக நான் நின்றேன். அதை ஒரு நாளும் உங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. இதே கோதுமையில் முதல் லாரி ஐந்தாம் தேதி வந்தது. இருநூறு மூட்டை. அதே ஆள் அனுப்பியது, அதே லாட் நம்பர். அதைப் பார்த்து "சுத்தம், விதைக்கு ஆகும்" என்று எழுதியவர் நீங்கள். அதில் இல்லாத நோய் இரண்டு நாளில் இரண்டாவது லாரிக்கு எப்படி வந்தது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

கிடங்கு வாசலுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காவலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை அவன் தடுப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நமக்குள் சண்டை என்றாலும் உங்கள் வீட்டு அமலா அக்கா மேல் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்று என் வீட்டில் நாகலட்சுமி எழுதச் சொன்னாள்.

பார்த்தசாரதி

*

சிப்பூர்
23-10-1998

சார்,

நான் தூத்துக்குடியில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா கருவாட்டு வியாபாரி. எங்கள் வீட்டில் சாளை, வாளை, நெத்திலி, சுறா எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். அது ஒரு திறமை இல்லை. நீங்கள் காபியில் சிக்கரி கலந்ததைச் சொல்வது போல. அன்றைக்கு மூட்டையிலிருந்து வந்தது கருவாடும் இல்லை, பச்சை மீனும் இல்லை. மீனைப் போல நடிக்கிற ஒரு வாடை. அதில் உப்பு இல்லை.

என் மூக்கை நம்ப வேண்டாம் என்கிறீர்கள். சரி. மூக்கு இல்லாமல் செய்து பார்த்தேன்.

நீங்கள் சாக்கு மாற்றினீர்களே, அந்தப் பழைய சாக்குகளைக் கிடங்குக்கு வெளியே போட்டிருந்தார்கள். உங்கள் காவலாளி தடுக்கும் வாசலுக்கு அந்தப் பக்கம். ஒன்றை எடுத்து வந்தேன். ஹவுரா மீன் சந்தையில் கருவாட்டுக் கடைக்காரரிடம் அவருடைய பழைய சாக்கு ஒன்றும் கேட்டேன். "தாதா, எல்லாரும் கருவாடு வாங்க வருகிறார்கள், நீ ஒருவன்தான் சாக்கு வாங்க வருகிறாய். வீட்டில் அடித்துவிட்டார்களா?" என்று அண்ணன் முறை வைத்தே கேலி செய்தார். இரண்டிலும் ஒரு சாண் வெட்டி, தனித்தனியாக வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். அந்தத் தண்ணீரை இரண்டு தட்டில் ஊற்றிக் காயவைத்தேன். கருவாட்டுச் சாக்குத் தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்தது. உங்கள் சாக்குத் தட்டில் அழுக்குத்தான். நக்கியும் பார்த்தேன். அமலா தலையில் அடித்துக்கொண்டாள். உப்பே போடாமல் கருவாடு போடுகிற ஊர் எது என்று அனுப்பியவரிடம் கேட்டு எழுதுங்கள்.

1995-இல் நான் தப்பு செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எனக்காகத் திட்டு வாங்கியதும் உண்மை. அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கரும்புள்ளிக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று தேடித் தேடிப் படித்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் காஸ்டிக் சோடா. அதில் தானியத்தை ஒரு நாள் ஊறப்போட வேண்டும். நோய் இருந்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று அட்டைக் கறுப்பாகும். ஊசியால் குத்தினால் தண்ணீரில் மை கரைவது போலப் பொடி ஓடும். கரும்புள்ளியாக இருந்தால் ஓடாது. ஏழாம் தேதி எடுத்த மாதிரியில் என்னிடம் மீந்ததிலிருந்து இரண்டாயிரம் கோதுமை எண்ணிப் போட்டேன். முப்பத்தொன்று கறுத்தது. முப்பத்தொன்றும் ஓடியது. சான்றிதழ் விதைக்கு அனுமதி இரண்டாயிரத்துக்கு ஐந்து.

பிஸ்வாஸைக் கேட்டேன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் பிடித்தேன். "என்ன தாதா, மீன் வாடை தெரியாத வங்காளி ஆகிவிட்டாயா?" என்றேன். "தெரியும் தாதா. ஆனால் சாஹேப் எழுதிவிட்டார். மதராஸி சாஹேபுக்கு மீனைப் பற்றி நான் பாடம் எடுப்பதா?" என்று சிரித்தார். உங்களுக்கு மீன் தெரியாது என்பதால் நீங்கள் அவரை நம்பியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிவிட்டதால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நடுவில் மூட்டை போய்க்கொண்டிருக்கிறது.

வாடை குறைந்தது என்று எழுதியிருந்தீர்கள். கோதுமையைக் கொட்டிப் பரப்பி வேறு சாக்கில் கட்டினால் காற்றுப்பட்டுக் குறையும். கொட்டும்போது பொடி பறந்து நல்ல தானியத்திலும் ஒட்டியிருக்கும். அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

இதோடு அதே கோதுமையில் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உங்கள் வீட்டிலேயே ஊறப்போட்டுப் பாருங்கள். கையில் படாமல் செய்யுங்கள், காஸ்டிக் சோடா தோலை அரிக்கும்.

முதல் லாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிறகு எழுதுகிறேன்.

மாரியப்பன்

*

லேக் ரோடு
30-10-1998

மாரியப்பன் அவர்களுக்கு,

பொட்டலம் கிடைத்தது. மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். நாகலட்சுமி ஏதோ பிரசாதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டாள். "யார் இந்த வீட்டுக்குள்ள மீனைக் கொண்டு வந்தது?" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து சட்டர்ஜி அம்மா இறங்கி வந்து, "என்ன மீன்? எங்கே வாங்கினீர்கள்?" என்று ஆசையாக விசாரித்தார். வெறும் கோதுமை என்று காட்டினேன். அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மீனே இல்லை, ஏதோ கெட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு ஊறப்போட்டேன்.

கறுத்தன. நான் இருநூறுதான் போட்டேன். மூன்று கறுத்தன. ஒன்றைக் குத்திப் பார்த்தேன். நீங்கள் எழுதியது போலத்தான் இருந்தது. ஆனால் இது வீட்டுச் சமையலறையில், அளவு சரியில்லாத தண்ணீரில் செய்தது. இதை வைத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத முடியாது. பொட்டலத்தில் வைத்ததும் நீங்கள் பொறுக்கி எடுத்ததாக இருக்கலாம் என்று கேட்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று சொல்கிறேன்.

மூட்டைகள் இருபத்தாறாம் தேதியே சோனாடாங்கா கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விட்டன. முதல் லாரி, இரண்டாவது லாரி இரண்டும்.

எனக்குப் பூனாவுக்குப் பதவி உயர்வு வர இருக்கிறது. மகள் சுபிக்ஷாவுக்கு இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. விவசாய இலாகாவுக்கு நீங்கள் நேராக எழுதப் போவதாக பிஸ்வாஸ் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள். மார்ச்சில் பயிர் விளையட்டும். ஒன்றும் இல்லாமலும் போகலாம். பூக்கும் நேரத்தில் மழையும் குளிரும் சேர்ந்தால்தான் இந்த நோய் பரவும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள்.

முதல் லாரிக்கு இன்னும் பதில் இல்லை.

பார்த்தசாரதி

*

சிப்பூர்
6-11-1998

பார்த்தசாரதி,

சார் போடவில்லை. வேண்டுமென்றுதான்.

மார்ச் வரை பொறுக்கச் சொல்கிறீர்கள். மழை பெய்யாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் விதை ஆய்வு அதிகாரியின் வேலையா? இந்த வருஷம் மழை இல்லை என்று வைத்துக்கொள்வோம். பொடி மண்ணில் கிடக்கும். அடுத்த வருஷ மழைக்குக் காத்திருக்கும். அதற்குப் பூனாவும் தெரியாது, பரீட்சையும் தெரியாது.

நான் சோனாடாங்கா போய் வந்தேன். சியால்தாவில் ரயில் ஏறி கிருஷ்ணநகரில் இறங்கி, அங்கிருந்து பஸ், பிறகு சைக்கிள் ரிக்ஷா. சங்கத்துச் செயலாளர் சமீர் பாபு நல்ல மனிதர். டீ கொடுத்தார். நான் கொண்டுபோன தட்டையும் கறுத்த கோதுமையையும் பார்த்தார். ஊசியால் அவரே குத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஆனால் பீரோவைத் திறந்து உங்கள் சான்றிதழை எடுத்து என் முன்னால் வைத்தார். "தாதா, இதில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. உங்களிடம் ஒரு தட்டு இருக்கிறது. நாளைக்கு ஊர் கேட்டால் தட்டைக் காட்டியா விதையை நிறுத்தினேன் என்று சொல்வது? அந்த அதிகாரியையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே பூட்டுகிறேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அந்த ஒரு வரியை எழுத முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் இலாகாவுக்கு எழுதினால் அவர்கள் பதில் போடுவதற்குள் பயிர் முளைத்துவிடும்.

மூட்டைகள் இன்னும் சங்கத்துக் கிடங்கில்தான் இருக்கின்றன. பதினேழாம் தேதி பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் எல்லாம் இல்லை. நிதாய் மண்டல் என்று ஒருவர். சீக்கிரம் விதைக்க வேண்டும் என்று கேட்டு இரண்டு மூட்டையை முன்னாலேயே வாங்கிப் போயிருக்கிறார். மூன்று பீகா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், விதைத்துவிட்டார். வயலைப் போய்ப் பார்த்தேன். முளை வந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் இந்த நோயின் அயோக்கியத்தனம். கதிர் முற்றும் வரை முகத்தைக் காட்டாது. அவர் என்னை யாரோ கம்பெனி ஆள் என்று நினைத்து, "முளைப்பு எப்படி, தாதா? நல்ல விதை கொடுத்தீர்கள்" என்றார். நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேளுங்கள். அவர் வாங்கின இரண்டு மூட்டையும் முதல் லாரியுடையது. சாக்கில் ஐந்தாம் தேதிச் சீட்டு தொங்குகிறது. சீட்டில் என் கையெழுத்து.

இரண்டு தடவை கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். பூஜை விடுமுறையில் எனக்கு ஜலதோஷம். ஐந்தாம் தேதி மூக்கு முழுக்க அடைத்திருந்தது. நாற்பது வருஷமாகக் கைக்குப் பழகிய வேலை என்று குத்தூசியைப் போட்டு, மேலாகப் பார்த்து, சுத்தம் என்று எழுதினேன். உள்ளங்கையில் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை. அதே லாட் என்றால் அதே நோய் அதிலும் இருந்திருக்கும். ஏழாம் தேதி மூக்கு திறந்தது. இரண்டாவது லாரியில் வாடையைப் பிடித்ததும் முதல் லாரி நினைவுக்கு வந்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் உங்களோடு சண்டை. சண்டையில் நான் மட்டும் சுத்தமாக இருக்க ஆசைப்பட்டேன்.

அதனால் உங்கள் தவறு குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது இரண்டு தவறு இருக்கிறது, அவ்வளவுதான். என்னுடையதை எழுதிவிட்டேன். உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள்.

மாரியப்பன்

*

லேக் ரோடு
11-11-1998

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜலதோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மூக்கு அடைத்துக்கொண்டு பார்த்தீர்கள். எனக்கு ஜலதோஷம் இல்லை, ஆனாலும் நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நான் அந்த மூட்டைகளின் பக்கத்திலேயே போகவில்லை. கிடங்கு வாசலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். வாடை குமட்டியது. என்னைப் பொறுத்தவரை மீன் என்றால் எல்லாம் ஒரே மீன்தான். மேனேஜர் சாக்குக் கடிதத்தைக் காட்டியதும், அப்பாடா, உள்ளே போக வேண்டியதில்லை என்று இருந்தது. பதிவேட்டை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி எழுதினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நாகலட்சுமியிடம்கூட.

பின்னால் சோதிக்க என்று எடுத்து வைத்த காப்பு மாதிரி என் அறை அலமாரியில் முத்திரையோடு இருக்கிறது. நேற்று மேனேஜரிடம் போய், அதைத் திறந்து சோதிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "போன சரக்கை எதற்குத் தோண்டுகிறீர்கள்? பூனா வேண்டாமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. சமீர் பாபுவுக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். உங்கள் பார்வைக்கு இதோடு வைத்திருக்கிறேன். "மேற்படி விதையின் தரம் குறித்துச் சில ஐயங்கள் எழுந்துள்ளன. மறு ஆய்வு முடியும் வரை விநியோகத்தை ஒத்திவைப்பது விரும்பத்தக்கது." இதில் நோயின் பெயர் இல்லை, யார் தவறு என்றும் இல்லை. இப்படிப் போட்டால் என் தலையும் தப்பும், மூட்டையும் நிற்கும். நேராக எழுதினால் என்னை உடனே இடைநீக்கம் செய்வார்கள். சுபிக்ஷாவின் படிப்பை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சரி என்றால் இதை அனுப்பிவிடுகிறேன்.

உங்களைத் தயவாகக் கேட்கிறேன். இந்த ஒரு தடவை கொஞ்சம் வளைந்து கொடுங்கள்.

பார்த்தசாரதி

*

சிப்பூர்
14-11-1998, சனிக்கிழமை

தம்பி பார்த்தசாரதிக்கு,

தபாலில் போட்டால் நேரமாகும் என்று அமலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஹூக்ளியை இந்தக் கரையிலிருந்து தாண்டி வருகிறாள், அவளுக்கு ஒரு காபி கொடுக்கச் சொல்லுங்கள்.

வாசலில் நின்றதை எழுதினீர்கள். அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் தம்பி என்று எழுதினேன். வளைந்து கொடுப்பதற்காக இல்லை.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். "சில ஐயங்கள்", "விரும்பத்தக்கது" என்று எழுதினால் சமீர் பாபு என்ன செய்வார் தெரியுமா? விதைக்கு அவசரப்படும் இருநூறு பேர் வாசலில் நிற்கும்போது, விரும்பத்தக்கதைத் தள்ளிவைத்துவிட்டு மூட்டையைக் கொடுத்துவிடுவார். நானே அவர் இடத்தில் இருந்தால் கொடுத்துவிடுவேன். நிதாய் மண்டலுக்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அவர் கோதுமையை அறுத்து, அதிலேயே அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைப்பார். பக்கத்து வயல்காரருக்கும் நாலு படி கொடுப்பார். உங்கள் ஐயம் அப்படித்தான் ஊரெங்கும் முளைக்கும்.

சுபிக்ஷாவை நினைத்துப் பார்த்தேன். அவளுக்கு அப்பா வேண்டும், அப்பாவுக்கு வேலை வேண்டும், எல்லாம் சரி. இடைநீக்கம் செய்தால் செய்யட்டும். உண்மையை எழுதியதற்கு இடைநீக்கம் என்றால் எதிர்த்து நிற்கலாம், நானும் வந்து சாட்சி சொல்வேன். மார்ச்சில் கறுத்த கதிரோடு சோனாடாங்காக்காரர்கள் கம்பெனி வாசலுக்கு வந்து நின்று, அப்புறம் இடைநீக்கம் செய்தால், எதை வைத்து நிற்பீர்கள்?

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

நீங்கள் இன்றைக்கே சமீர் பாபுவுக்கு வேறு கடிதம் எழுத வேண்டும். நோயின் பெயர் இருக்க வேண்டும். இரண்டு லாரியும் என்று இருக்க வேண்டும். ஒரு மூட்டையும் விதைக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்க வேண்டும். பழைய சான்றிதழை நான் ரத்து செய்கிறேன் என்று, நான் என்ற சொல்லோடு, கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். மேனேஜருக்கு அதன் நகல் போதும், அவருடைய அனுமதி தேவையில்லை. சான்றிதழ் கொடுத்தவருக்கு அதை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டேன்.

காப்பு மாதிரியை பிஸ்வாஸ் திங்கட்கிழமை அரசு ஆய்வகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். நேற்று அவரிடம் பேசினேன். "சாஹேப் எழுதிக் கொடுத்தால் நடந்தே கூடப் போகிறேன் தாதா" என்றார். மீனைப் பற்றி உங்களுக்கு ஒரு நாள் பாடம் எடுக்கவும் தயார் என்கிறார். அது உங்கள் விருப்பம்.

மேனேஜர் சங்கத்துக்கு வேறு நல்ல விதை இம்மாதம் இருபத்தைந்துக்குள் அனுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதமாக விதைத்தாலும் கோதுமை வரும். திருப்பி எடுக்கும் மூட்டைகளை மில்லுக்குத்தான் கொடுக்க வேண்டும், இன்னது இருக்கிறது என்று மில்காரரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். வேறு ஜில்லாவுக்கு விதையாகத் தள்ளிவிடக் கூடாது. அவர் அதைத்தான் செய்யப் பார்ப்பார். அதனால் மூட்டை எண்களை எல்லாம் உங்கள் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பட்டியல் பின்பக்கம் இருக்கிறது. சங்கத்துக் கிடங்கில் நின்று நானே ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியது.

சமீர் பாபு கிடங்கைப் பூட்ட வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கிடங்குத் தரையைக் கூட்டிய குப்பையை வயலில் கொட்டாமல் எரிக்க வேண்டும்.

என் பங்கு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் தேதிப் பதிவை நான் தப்பாக எழுதினேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஜலதோஷத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அதைப் பதிவேட்டில் ஒட்ட வேண்டியவர் நீங்கள்.

மீதி நிதாய் மண்டலின் மூன்று பீகா. முளைத்ததை உழுது அழிக்கச் சொல்ல வேண்டும். அந்த வயலில் ஐந்து வருஷம் கோதுமை போடக் கூடாது, கடுகோ மசூர்ப் பருப்போ போடலாம் என்று சொல்ல வேண்டும். மேனேஜர் கடுகு விதை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வாங்கித் தருகிறேன். நல்ல விதை கொடுத்தீர்கள் என்று சொன்ன மனிதரிடம் இதைத் தபாலில் சொல்ல முடியாது. கூட்டத்தில் வைத்தும் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு சியால்தாவில் ரயில். ஏழாவது பிளாட்பாரத்தில் நிற்பேன். நீங்கள் கடிதத்தோடு வர வேண்டும். அவருடைய வயலுக்குள் நீங்கள் இறங்க வேண்டும், வரப்பிலேயே நிற்கக் கூடாது. அது எங்கள் தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். உங்களுக்கு வங்காள மொழி தடுமாறும், பரவாயில்லை, தடுமாறியே சொல்லுங்கள். எந்த மூட்டை, யார் கையெழுத்து என்று அவர் கேட்பார்.

அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

மாரியப்பன்